சிலிக்கான் பிக்சல் உணர்கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துகள் மோதலில் தெறிக்கும் துகள்களின் தடத்தைப் பிடிப்பதற்கும், எக்ஸ் கதிர்ப் படத்தை ஒவ்வொரு ஃபோட்டானாக எண்ணி எடுப்பதற்கும் பயன்படுபவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கருவிகள். அவற்றைப் பற்றி மாணவர்களும், கேமரா நுட்பம் தெரிந்தவர்களும், மருத்துவப் படமெடுப்பில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பள்ளியில் டயோடு படித்த ஞாபகம் இருந்தால் போதும்.

சிலிக்கான் பிக்சல் உணர்கருவி என்றால் என்ன?

மெல்லிய சிலிக்கான் தகடு ஒன்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக ஒரு மின்பெருக்கியையும் ஒரு ஒப்பீட்டுச் சுற்றையும் கொடுத்துவிட்டால் அதுதான் பிக்சல் உணர்கருவி. கட்டத்தின் அகலம் பெரும்பாலும் 25 மைக்ரானிலிருந்து 200 மைக்ரான் வரை இருக்கும். தகட்டின் வழியாக மின்னூட்டமுள்ள ஒரு துகள் பாய்ந்தாலோ, எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஒன்று உள்ளே உறிஞ்சப்பட்டாலோ, எந்தக் கட்டத்தில், எந்த நேரத்தில் அது நடந்தது என்று கருவி சொல்லும். பல கருவிகள் எவ்வளவு ஆற்றல் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

இதில் முக்கியமான சொல் "தனியாக" என்பதுதான். தனக்கு வந்தது உண்மையான அடியா, வெறும் இரைச்சலா என்பதை ஒவ்வொரு பிக்சலும் தானே, அந்த இடத்திலேயே முடிவு செய்கிறது. இந்தக் கருவிகளின் பலம் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து. கீழே வரும் பதில்களில் பாதி அதன் விளைவுகளைப் பற்றியவை.

துகள் பாய்ந்தால் சிலிக்கானுக்குள் என்ன நடக்கிறது?

வேகமாகப் போகும் துகள் வழியில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை விடுவித்துக்கொண்டே போகும். விடுபட்ட ஒவ்வொரு எலக்ட்ரானும் பின்னால் ஒரு துளையை விட்டுச் செல்லும். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட்தான். ஆனாலும் ஒரு எலக்ட்ரான்-துளை இணையை உண்டாக்கச் சராசரியாக 3.6 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது, மீதி படிகத்தின் அதிர்வாகப் போய்விடுகிறது. 300 மைக்ரான் தடிமனுள்ள தகட்டை உயர் ஆற்றல் துகள் ஒன்று கடந்தால் ஏறக்குறைய 22,000 இணைகள் கிடைக்கும்.

இருபதாயிரம் என்பது நிறைய என்று தோன்றலாம். ஆனால் மிகத் தூய சிலிக்கானிலேயே, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் 300 மைக்ரான் தடிமனும் கொண்ட துண்டில், அறை வெப்பநிலையில் வெப்பத்தால் மட்டுமே சுமார் 40 கோடி எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் துகள் உண்டாக்கிய 22,000 காணாமல் போய்விடும்.

அதற்குத்தான் டயோடு. தகட்டை ஒரு பி-என் சந்தியாக்கி, பின்னோக்குச் சார்பில் மின்னழுத்தம் கொடுத்தால், இயக்கமில்லாப் பகுதி விரிந்து தகடு முழுவதையும் நிரப்பிவிடும். அலைந்துகொண்டிருந்த மின்னூட்டங்கள் வெளியேற்றப்பட்டுவிடும். இப்போது புதிதாக எது உண்டானாலும் அது தெளிவாகத் தெரியும். உள்ளே இருக்கும் மின்புலம் எலக்ட்ரான்களை ஒரு பக்கமும் துளைகளை மறுபக்கமும் இழுக்கும். 300 மைக்ரானைக் கடக்க எலக்ட்ரான்களுக்குச் சுமார் 10 நானோ விநாடி ஆகும், துளைகளுக்கு அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. மின்னூட்டம் மின்முனையை வந்து சேர்ந்த பிறகுதான் சைகை எழும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மின்னூட்டம் நகரத் தொடங்கிய நொடியிலேயே மின்முனையில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. ஷாக்லி 1938-லும் ராமோ 1939-லும் தனித்தனியாக நிறுவிய தேற்றம் இதைத்தான் சொல்கிறது. பிக்சல் சிறியதாக இருந்தால், மின்னூட்டம் அதன் அருகே வரும்போதுதான் சைகையின் பெரும்பகுதி எழும்.

கீற்று உணர்கருவி இருக்கும்போது பிக்சல் எதற்கு?

கீற்று உணர்கருவியில் சிலிக்கான் நீளநீளமான கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். குறுக்காக ஒரு அடுக்கு, நெடுக்காக ஒரு அடுக்கு வைத்தால் இரண்டும் வெட்டும் இடத்தில் துகள் பாய்ந்தது என்று தெரியும். ஒரே ஒரு துகள் வந்தால் சிக்கல் இல்லை. ஒரே நேரத்தில் 10 துகள்கள் வந்தால் 100 வெட்டுப்புள்ளிகள் கிடைக்கும், அவற்றில் 90 பொய். மோதல் நடக்கும் இடத்துக்கு மிக அருகில் துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதால், கீற்றுகள் அங்கே திணறிவிடும். பிக்சலுக்கு இந்தக் குழப்பமே கிடையாது.

இன்னொரு காரணம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது: மின்தேக்குத்திறன். மின்பெருக்கியின் உள்ளீட்டில் மின்தேக்குத்திறன் கூடினால் இரைச்சலும் கூடும். சில சென்டிமீட்டர் நீளமுள்ள கீற்றுக்குப் பல பிக்கோ ஃபாரட் இருக்கும். பிக்சலுக்கு அதில் நூறில் ஒரு பங்கு அளவே. அதனால் கீற்றில் ஆயிரம் எலக்ட்ரான் அளவில் இருக்கும் இரைச்சல், பிக்சலில் 100 முதல் 200 எலக்ட்ரானாகக் குறைகிறது. இவ்வளவுக்கு மேல் வந்தால்தான் அடி என்று பிக்சல் ஏற்கும் வரம்பை 3,000 எலக்ட்ரானில் வைத்தால்கூட அது இரைச்சலைப்போல 15 மடங்குக்கும் மேல். இரைச்சல் தற்செயலாக அந்த வரம்பைத் தாண்டுவது அநேகமாக நடக்கவே நடக்காது. கோடிக்கணக்கான பிக்சல்கள் இருந்தும் பொய்யான அடி ஏறக்குறைய வராமல் இருப்பது இதனால்தான்.

அப்படியானால் எல்லா இடத்திலும் பிக்சலையே வைக்கலாமே என்று கேட்பீர்கள். வெளி அடுக்குகளில் பரப்பு மிகவும் கூடிவிடும். மின்சாரம், குளிரூட்டல், கம்பிகள், செலவு எல்லாம் சேர்ந்து பெருகும். துகள்களும் அங்கே பரவிவிடுவதால் கீற்றே போதும். அதனால்தான் பெரிய சோதனைகளில் உள்ளே பிக்சலும் வெளியே கீற்றும் இருக்கின்றன.

என் கைப்பேசிக் கேமராவிலும் சிலிக்கான் பிக்சல்தானே இருக்கிறது?

ஆமாம், இரண்டும் நெருங்கிய உறவு. ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டான் சிலிக்கானில் ஒரே ஒரு எலக்ட்ரானைத்தான் விடுவிக்கும். அதைத் தனியாகப் பிரித்தறிவது சாதாரணக் கேமராவால் ஆகாது. எனவே ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க வந்ததையெல்லாம் சேர்த்துவைத்துக் கடைசியில் மொத்தமாக வாசிக்கிறது. அந்த மொத்தத்தில் இரைச்சலும் கலந்துவிடும். 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஒன்று ஏறத்தாழ 2,200 எலக்ட்ரான்களைத் தருகிறது. அந்த அளவு சைகை வந்தால் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணலாம்.

கேமரா வகைச் சென்சார்கள் துகள் ஆய்விலும் நன்றாகவே உழைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் நேர்கோட்டு முடுக்கியில் எஸ்எல்டி சோதனைக்காக 1996-இல் பொருத்தப்பட்ட உணர்கருவி சிசிடிகளால் ஆனது, அதில் 30.7 கோடி பிக்சல்கள். ஆனால் சிசிடியை வாசிக்க நேரம் பிடிக்கும். ஐரோப்பியத் துகள் ஆய்வு மையமான செர்னின் எல்எச்சி முடுக்கியில் 25 நானோ விநாடிக்கு ஒருமுறை புரோட்டான் கொத்துகள் கடக்கின்றன, அந்த வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

சென்சாரும் சிப்பும் எப்படி இணைகின்றன?

இரண்டு வழிகள் இருக்கின்றன.

பழைய, நன்கு பழகிய வழி கலப்பின முறை. சென்சார் ஒரு தகடு, வாசிப்புச் சிப் இன்னொரு தகடு. ஒவ்வொரு பிக்சலுக்கும் நடுவே சாலிடர் அல்லது இண்டியத்தால் ஆன நுண்ணிய குமிழ் ஒன்றை வைத்து, ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்து ஒட்டுவார்கள். இதற்குப் பம்ப் பாண்டிங் என்று பெயர். ஒரே சிப்பில் பல்லாயிரம் இணைப்புகள் ஒரே முறையில் சரியாக அமைய வேண்டும். செலவில் பெரிய பங்கு இந்த வேலைக்குத்தான் போகிறது. இதனால் கிடைக்கும் வசதியும் பெரியது: சென்சாரையும் சிப்பையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். சிலிக்கான் வேண்டாம், காட்மியம் டெல்லூரைடு வேண்டும் என்றால் மேல் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். எல்எச்சியில் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு பெரிய சோதனைகளும் இந்த வழியைத்தான் எடுத்தன.

இரண்டாவது, ஒற்றைத் தகட்டு முறை. சென்சாரும் மின்சுற்றும் ஒரே சிலிக்கானில். குமிழ் தேவையில்லை, தகட்டை 50 மைக்ரான் வரை தேய்த்து மெல்லியதாக்கலாம், விலையும் குறையும். மோதல் முடுக்கி ஒன்றில் இது முதலில் இடம்பிடித்தது அமெரிக்காவின் ஆர்எச்ஐசியில், ஸ்டார் சோதனையில், 2014-இல். அதன்பின் எல்எச்சியின் ஆலிஸ் சோதனை தன் உள் தடங்காணியை முழுவதும் இதற்கு மாற்றி 2021-இல் பொருத்தியது. ஏழு அடுக்குகள், சுமார் 10 சதுர மீட்டர் பரப்பு, 1,250 கோடி பிக்சல்கள். ஆல்பைடு என்ற அந்தச் சிப்பில் ஒரு பிக்சலின் அளவு ஏறத்தாழ 27-க்கு 29 மைக்ரான்.

எது சிறந்தது என்பது இடத்தைப் பொறுத்தது. கதிர்வீச்சும் துகள் வேகமும் உச்சத்தில் இருக்கும் இடத்தில் கலப்பின முறை இன்னும் முன்னணியில் இருக்கிறது. மெல்லிய பொருளும் நுணுக்கமும் முக்கியம் என்றால் ஒற்றைத் தகட்டை நான் எடுப்பேன்.

துகள் போன இடத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும்?

"அடிபட்டது, அடிபடவில்லை" என்று மட்டும் சொல்லும் பிக்சலாக இருந்தால், துல்லியம் பிக்சல் அகலத்தை 12-இன் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு. 50 மைக்ரானுக்கு அது சுமார் 14 மைக்ரான்.

மின்னூட்டம் இரண்டு பிக்சல்களுக்கு இடையே பங்கிடப்பட்டால், அந்தப் பங்கின் விகிதத்தை வைத்து இன்னும் நுணுக்கமாகச் சொல்லலாம். சிஎம்எஸ் இதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. அதன் 3.8 டெஸ்லா காந்தப்புலத்தில், நகரும் எலக்ட்ரான்கள் லாரன்ஸ் விசையால் பக்கவாட்டில் ஒதுங்கி அடுத்த பிக்சலுக்கும் பரவும். 100-க்கு 150 மைக்ரான் என்ற பெரிய பிக்சலிலேயே அதனால் நல்ல துல்லியம் கிடைத்தது. ஆனால் பங்கீடு கூடக்கூட ஒவ்வொரு பிக்சலுக்கும் வரும் சைகை குறையும், வரம்பைத் தாண்டாமலே சில பங்குகள் தொலைந்துபோகும். அளவோடு இருந்தால்தான் நல்லது.

பிக்சலைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் துல்லியம் ஏறிக்கொண்டே போகுமா என்றால், போகாது. துகள் ஒவ்வொரு பொருளையும் கடக்கும்போது சற்றே திசைமாறும். குறைந்த உந்தமுள்ள துகளுக்கு இது அதிகம். சிலிக்கான், குளிர்க்குழாய், கம்பி, தாங்கி எல்லாமே தடத்தைச் சற்று வளைக்கும். எனவே இந்தத் துறையில் ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்ப்பார்கள்.

இவ்வளவு துல்லியம் எதற்கு வேண்டும்?

பி குவார்க் என்ற அடிப்படைத் துகள் அடங்கிய துகள் சுமார் 1.5 பிக்கோ விநாடிதான் வாழும். ஒளியின் வேகத்தை ஒட்டிப் பறப்பதால், சார்பியலின் கால நீட்சியோடு சேர்த்து, அதற்குள் சில மில்லிமீட்டர் தூரம் போய்ச் சிதையும். மோதல் நடந்த புள்ளி ஒன்று, சிதைவு நடந்த புள்ளி இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்தறிந்தால்தான் "இங்கே பி குவார்க் இருந்தது" என்று சொல்ல முடியும். ஹிக்ஸ் துகள் பெரும்பாலும் பி குவார்க் இணையாகத்தான் சிதைகிறது. ஆனால் அதே இணை வேறு வழிகளில் ஏராளமாக உண்டாவதால், ஹிக்ஸ் 2012-இல் கண்டறியப்பட்ட பிறகும் இந்தச் சிதைவை அட்லஸும் சிஎம்எஸும் உறுதிசெய்ய 2018 ஆயிற்று. பிக்சல் அடுக்குகள் இல்லாமல் அந்த அளவீட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இதற்கு முதல் அடுக்கு மோதல் புள்ளிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அட்லஸ் 2014-இல் 33 மில்லிமீட்டர் ஆரத்தில் புதிய உள் அடுக்கைச் செருகியது. சிஎம்எஸின் 2017 உணர்கருவியில் முதல் அடுக்கு 29 மில்லிமீட்டரில் இருக்கிறது. எல்எச்சிபி சோதனையின் புதிய வீலோ கருவி இன்னும் துணிச்சலானது: அதன் பிக்சல்கள் புரோட்டான் கற்றையிலிருந்து 5.1 மில்லிமீட்டர் வரை நெருங்குகின்றன. கற்றை நிலைப்படும்வரை கருவியின் இரண்டு பாதிகளும் விலகி நிற்கும், பிறகு மெல்ல மூடிக்கொள்ளும்.

இத்தனை தரவையும் எப்படி வெளியே எடுக்கிறார்கள்?

அடிபட்ட பிக்சல் மட்டும் பேசும், மற்றவை வாய் திறக்காது. பிக்சலில் பெரும்பான்மை ஒவ்வொரு மோதலிலும் காலியாகத்தான் இருக்கும். அடிபட்டவையும் தம் தகவலைச் சிப்புக்குள்ளேயே சில மைக்ரோ விநாடிகள் வைத்திருக்கும். "இந்த மோதல் வேண்டும்" என்று வெளியிலிருந்து உத்தரவு வந்தால் அனுப்பும், வராவிட்டால் அழித்துவிடும். வீலோ ஒரு விதிவிலக்கு, 25 நானோ விநாடிக்கு ஒருமுறை நடக்கும் எல்லாவற்றையும் அது வெளியே அனுப்பிவிடுகிறது.

கதிர்வீச்சு இந்தக் கருவியைக் கெடுக்காதா?

கெடுக்கும். இந்தத் துறையின் கடினமான பகுதியே இதுதான், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வேகமான புரோட்டான், பயான், நியூட்ரான் போன்றவை சிலிக்கான் அணுக்களைப் படிகத்தில் அவற்றின் இடத்திலிருந்து தள்ளிவிடும். காலியான இடங்களும் இடம்தப்பிய அணுக்களும் மூன்று விதமாகத் தொல்லை கொடுக்கும்.

முதலில், கசிவு மின்னோட்டம் ஏறும். அது வெப்பநிலையோடு சேர்ந்தது: சுமார் 7 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதனால் +20 டிகிரியிலிருந்து −20 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தால் கசிவு ஏறத்தாழ 50 மடங்கு குறைகிறது. குளிர்விக்காவிட்டால் விபரீதம்: கசிவு சூட்டைத் தரும், சூடு கசிவை ஏற்றும், அது தொடர் ஓட்டமாகிவிடும். இப்போது பல கருவிகளில் கரியமில வாயுவைத் திரவமாக மெல்லிய குழாய்களில் ஓடவிட்டு, அது ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்கிறார்கள்.

இரண்டாவது, சிலிக்கானின் மாசூட்டம் மாறும். என் வகையாக இருந்த தகடு போகப்போக பி வகைபோல நடக்கத் தொடங்கும், சந்தி இருந்த பக்கமே மாறிவிடும். முழுத் தகட்டையும் இயக்கமில்லாப் பகுதியாக்கத் தேவையான மின்னழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். எல்எச்சி கருவிகள் எலக்ட்ரான்களைச் சேகரிக்கும் என் வகைப் பிக்சல்களைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான். சேதமடைந்த பிறகு மின்புலம் பிக்சல் பக்கத்திலிருந்து விரியும். தகட்டின் ஒரு பகுதி மட்டுமே செயல்பட்டாலும் சைகை கிடைத்துவிடும்.

மூன்றாவது, நகரும் மின்னூட்டம் வழியில் சிக்கிக்கொள்ளும். எல்எச்சியின் மேம்படுத்தப்பட்ட அடுத்த கட்டமான உயர் ஒளிர்வு எல்எச்சியில் உள் அடுக்குகள் தாங்க வேண்டிய அளவு, அதே சேதத்தைத் தரும் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்களாகக் கணக்கிட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றுக்குப் பின் 16 சுழியங்கள் போட்ட எண்ணை ஒட்டி இருக்கிறது. அந்த நிலையில் எலக்ட்ரான் சில பத்து மைக்ரான் தூரம் போவதற்குள் சிக்கிவிடும். எனவே போகும் தூரத்தையே குறைப்பதுதான் தீர்வு. தகட்டை 100 முதல் 150 மைக்ரானாக மெலிதாக்கலாம். அல்லது ஷெர்வுட் பார்க்கரும் சக ஆய்வாளர்களும் 1997-இல் முன்வைத்த முப்பரிமாணச் சென்சாரைப் பயன்படுத்தலாம். அதில் மின்முனைகள் மேற்பரப்பில் இல்லாமல், தகட்டுக்குள் செங்குத்துத் தூண்களாகத் துளைத்து இறக்கப்பட்டிருக்கும். துகள் தகட்டின் முழுத் தடிமனிலும் இணைகளை உண்டாக்கும், ஆனால் அவை பக்கவாட்டில் 50 மைக்ரான் அளவு போனால் போதும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இது. அட்லஸின் 2014 உள் அடுக்கில் ஒரு பகுதி இந்த வகைதான்.

இன்னொன்று: சேதமடைந்த சிலிக்கானை அறை வெப்பநிலையில் விட்டால் முதலில் சில நாட்கள் நிலைமை தேறும், அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு மோசமாகிக்கொண்டே போகும். அதனால் முடுக்கி ஓடாத காலத்திலும் கருவியைக் குளிரிலேயே வைத்திருப்பார்கள்.

எக்ஸ் கதிருக்கு இந்தக் கதை பொருந்தாது. குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிரால் அணுவை இடம்பெயர்க்க முடியாது. ஆனால் மேற்பரப்பில் இருக்கும் ஆக்சைடு அடுக்கில் நேர் மின்னூட்டம் சேர்ந்து, அங்கே கசிவை உண்டாக்கும்.

எக்ஸ் கதிரில் "ஃபோட்டான் எண்ணுதல்" என்றால் என்ன?

ஒவ்வொரு ஃபோட்டானும் வந்து விழுந்ததும் பிக்சல் அதன் சைகையை வரம்போடு ஒப்பிட்டு, தாண்டினால் தன் எண்ணியில் ஒன்றைக் கூட்டும். கடைசியில் வாசிப்பது ஒரு முழு எண். பத்து ஃபோட்டான் வந்தால் பத்து. இருளில் வைத்திருந்தால் சுழியம், மணிக்கணக்கில் வைத்திருந்தாலும் சுழியம். இரைச்சல் படத்தில் சேர வழியே இல்லை.

இதைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு நிறுவனம். சிஎம்எஸ் சோதனைக்கான பிக்சல் வேலையில் கிடைத்த அனுபவத்தைக் கொண்டு அங்கே பிலாட்டஸ் என்ற கருவி உருவாயிற்று. 172 மைக்ரான் பிக்சல், ஒவ்வொன்றிலும் பத்து லட்சத்துக்கும் மேல் எண்ணக்கூடிய 20 பிட் எண்ணி. அறுபது லட்சம் பிக்சல்கள் கொண்ட பிலாட்டஸ் 6எம் 2007-இல் சுவிஸ் ஒளி மூலம் என்ற எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டது. புரதப் படிகங்களின் அமைப்பைக் கண்டறிவோருக்கு அது வேலையையே மாற்றிவிட்டது. முன்பு சிசிடி ஒவ்வொரு படத்துக்கும் நின்று நின்று வாசிக்கும், அதற்காக ஷட்டரைத் திறந்து மூடி எடுப்பார்கள். இப்போது படிகத்தை நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே, மிகச் சிறிய கோணத் துண்டுகளாகப் படம் எடுத்துத் தள்ளலாம். பலமான புள்ளியும், அதன் பக்கத்தில் சில ஃபோட்டான்களே விழுந்த மங்கலான புள்ளியும் ஒரே படத்தில் நம்பகமாக வந்துவிடும்.

குறையும் உண்டு. ஒரு ஃபோட்டானை எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். எக்ஸ் கதிர் லேசரில் ஒரு துடிப்பின் எல்லா ஃபோட்டான்களும் 100 ஃபெம்டோ விநாடிக்கும் குறைவான நேரத்தில் மொத்தமாக வந்து விழும். அங்கே எண்ணுவது நடக்காத காரியம், மின்னூட்டத்தைச் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். ஜெர்மனியின் ஐரோப்பிய எக்ஸ்ஃபெல் என்ற எக்ஸ் கதிர் லேசரில் உள்ள ஏஜிஐபிடி கருவி அப்படித்தான் செய்கிறது: சைகை ஏற ஏற ஒவ்வொரு பிக்சலும் தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பிக்சல் சிறிதாக இருந்தால் படம் இன்னும் தெளிவாக வரும் அல்லவா?

ஓரளவு வரைக்கும்தான். ஃபோட்டான் இரண்டு பிக்சல்களின் எல்லையில் விழுந்தால் மின்னூட்டம் இரண்டுக்கும் பிரியும். வரம்பு குறைவாக இருந்தால் ஒரே ஃபோட்டான் இரண்டாக எண்ணப்படும், அதிகமாக இருந்தால் எண்ணப்படாமலே போகும். அதனால் வரம்பைப் ஃபோட்டான் ஆற்றலில் பாதியில் வைப்பது வழக்கம். பிக்சல் சிறிதாகும்போது எல்லைகளின் பங்கு கூடுகிறது. ஆற்றலை அளப்பது குழம்பிப்போகிறது. செர்னில் உருவான மெடிபிக்ஸ்3 சிப் இதற்கு அழகான வழி கண்டது. அண்டைப் பிக்சல்கள் தங்கள் மின்னூட்டத்தை அங்கேயே கூட்டிப் பார்த்து, மொத்தத்தை யார் பெயரில் எழுதுவது என்று தமக்குள் தீர்மானித்துக்கொள்ளும். ஒரு பிக்சலின் அகலம் 55 மைக்ரான், அதற்குள் இவ்வளவும்.

மருத்துவமனை எக்ஸ் கதிருக்கும் சிலிக்கான் போதுமா?

பெரும்பாலும் போதாது. 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானை 300 மைக்ரான் சிலிக்கான் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிவிடும். 12-இல் முக்கால் பங்கு, 20-இல் கால் பங்குக்குச் சற்று மேல். சிடி ஸ்கேனில் வரும் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் நூற்றுக்கு இரண்டுதான் பிடிபடும். மீதியெல்லாம் நோயாளியைத் துளைத்து வந்து, கருவியையும் துளைத்து வீணாய்ப் போகும். நோயாளிக்குக் கொடுத்த கதிரை இப்படி வீணாக்குவது சரியல்ல.

அதனால் அணு எண் கூடிய காட்மியம் டெல்லூரைடு, காட்மியம் துத்தநாக டெல்லூரைடு போன்றவற்றை மேல் தகடாக வைக்கிறார்கள். ஃபோட்டான் எண்ணும் சிடி ஸ்கேனருக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதன்முதலில் 2021 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது, அந்தக் கருவியில் இருப்பது காட்மியம் டெல்லூரைடு. சிலிக்கானை விடாமல் பிடித்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தகட்டை விளிம்பு மேலே வரும்படி நிறுத்தினால், எக்ஸ் கதிர் சில சென்டிமீட்டர் ஆழம் சிலிக்கானுக்குள் போக வேண்டியிருக்கும். மார்பக எக்ஸ் கதிர்ப் படக்கருவிகளில் சிலிக்கான் கீற்றுகள் இப்படிப் பயன்பட்டிருக்கின்றன.

"வண்ண எக்ஸ் கதிர்" என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். ஒரு பிக்சலில் பல வரம்புகள் இருந்தால், ஃபோட்டான்களை ஆற்றல் வாரியாகத் தனித்தனியே எண்ணலாம். அயோடின் 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும், கடோலினியம் 50.2-லும் திடீரென்று அதிகமாக உறிஞ்சத் தொடங்கும். அந்தப் படிக்கட்டுக்கு மேலும் கீழும் எண்ணிப் பார்த்தால் எது அயோடின், எது எலும்பின் கால்சியம் என்று பிரித்துவிடலாம். திரையில் தெரியும் நிறங்கள் நாம் கொடுப்பவை, அவற்றின் பின்னால் இருக்கும் வேறுபாடு அளந்து பெற்றது. மெடிபிக்ஸ்3 சிப்பைக் கொண்டு நியூசிலாந்தில் உருவான ஸ்கேனர் 2018-இல் மனித உடலின் முதல் முப்பரிமாண வண்ண எக்ஸ் கதிர்ப் படத்தைக் காட்டியது.

இந்தச் சிப்களுக்கு வேறு பயன்கள் உண்டா?

மெடிபிக்ஸ் குடும்பத்தின் டைம்பிக்ஸ் சிப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2012 முதல் கதிர்வீச்சை அளக்கிறது. அதன் திரையைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். ஆல்ஃபா துகள் உருண்டையான திட்டாக விழும், எலக்ட்ரான் சுருண்டு நெளிந்து போகும், மியூவான் நேர்கோடாகக் கிழித்துக்கொண்டு போகும். கையடக்கமான இதே கருவியைப் பள்ளிகளிலும் பயன்படுத்துகிறார்கள். கதிரியக்கத்தைப் பாடமாகக் கேட்ட மாணவர், தன் கண்ணெதிரே காஸ்மிக் கதிரின் கோடு ஒன்று விழுவதைப் பார்த்தால் பிறகு மறக்க மாட்டார்.

கோடிக்கணக்கான பிக்சல்களை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

எந்த இரண்டு பிக்சலும் அச்சாக ஒன்றுபோல இருக்காது. எனவே ஒவ்வொன்றிலும் வரம்பை நுணுக்கமாகத் திருத்த சில பிட்டுகள் இருக்கும். சிப்புக்குள்ளிருந்தே தெரிந்த அளவு மின்னூட்டத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, எத்தனை முறை வரம்பைத் தாண்டியது என்று பார்ப்பார்கள். மின்னூட்டத்தைப் படிப்படியாகக் கூட்டி வரைந்தால் எஸ் வடிவ வளைவு கிடைக்கும். அதன் நடுப்புள்ளி வரம்பு, சாய்வு எவ்வளவு அகலமோ அவ்வளவு இரைச்சல். அப்புறம் உண்மையான எலக்ட்ரான் எண்ணிக்கையோடு பொருத்த, இரும்பு 55-இன் 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அமெரிசியம் 241-இன் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் போன்ற தெரிந்த கதிர்களைக் காட்டுவார்கள். அடங்காமல் சத்தம் போடும் பிக்சலை அணைத்துவிடுவார்கள்.

அடுத்து என்ன வருகிறது?

உயர் ஒளிர்வு எல்எச்சியில் ஒரே கொத்துக் கடப்பில் 200 மோதல்கள் வரை நடக்கலாம். அதற்காக அட்லஸும் சிஎம்எஸும் ஆர்டி53 என்ற கூட்டு முயற்சியில் 65 நானோ மீட்டர் தொழில்நுட்பச் சிப்பை உருவாக்கின, பிக்சல் பரப்பு 50-க்கு 50 மைக்ரான். ஆலிஸ் சோதனையோ தபால் அட்டை அளவைவிட நீளமான ஒற்றைச் சிப்களை மிக மெல்லியதாக்கி, கற்றைக்குழாயைச் சுற்றி அரை உருளையாக வளைக்கப் போகிறது. சிலிக்கான் மெலிந்தால் வளையும். தாங்கிச் சட்டத்தின் பெரும்பகுதி தேவைப்படாது, குளிரூட்டக் காற்றே போதும்.

எனக்கு அதிக ஆவல் தருவது நேரம். 200 மோதல்களும் ஒரே கணத்தில் நடப்பதில்லை, அவை சில நூறு பிக்கோ விநாடிகளில் பரவியிருக்கும். உள்ளேயே சிறு பெருக்கம் கொண்ட எல்கேட் வகைச் சென்சார்கள் 30 பிக்கோ விநாடி அளவில் நேரம் சொல்கின்றன. ஆனால் இப்போது அவற்றின் கட்டங்கள் 1.3 மில்லிமீட்டர் அகலம். அந்த நேரத் துல்லியத்தை 50 மைக்ரான் பிக்சலுக்குள் கொண்டுவர முயல்வதுதான் இன்று பல குழுக்களின் வேலை.

மாணவர் ஒருவர் இதில் எங்கே தொடங்கலாம்?

குறைக்கடத்தி இயற்பியலும் அனலாக் மின்சுற்றும் அடிப்படை. இரண்டில் ஒன்றையாவது ஆழமாகப் படியுங்கள். கருவி கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, செர்னில் உருவான ஆல்பிக்ஸ் ஸ்கொயர்டு என்ற திறந்த மூல மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 300 மைக்ரான் சென்சார் ஒன்றை அமைத்து, ஒரு துகளைச் சாய்வாக அனுப்பி, வரம்பையும் மின்னழுத்தத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மின்னூட்டம் எத்தனை பிக்சல்களில் பரவுகிறது, துல்லியம் எந்தக் கோணத்தில் மிக நன்றாக வருகிறது என்று நீங்களே வரைந்து பார்க்கலாம்.